கான்சாஸ் கவிழ்ந்த ஞாயிறு

மொன்ட்ரியாலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் அம்புஜம் குடியிருந்த மாடி வீட்டுக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு. பனி பெய்து, வெயில் கொஞ்சம் முகம் காட்டி, மறுபடி குளிர்ந்துவிட்டால் அந்தப் படிகள் கண்ணாடியாகிவிடும். புடவையும் ரப்பர் பூட்ஸுமாக இறங்குகிறவளுக்குப் படிக்கு ஒரு தெய்வத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆனாலும் குடிவந்த முதல் குளிர்காலத்திலிருந்தே காலையில் அவள் கதவைத் திறக்கும்போது படிகளில் கல்லுப்பு தூவிக் கிடக்கும். வீட்டுக்காரி மதாம் த்ரோம்ப்ளேதான் ஆள் வைத்துப் போடுகிறாள் என்று நினைத்து, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு டப்பா முறுக்கு சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மாளும் எதற்கு என்று கேட்காமல் "மெர்ஸி, மெர்ஸி" என்று வாங்கிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் அம்புஜத்துக்குப் புரியவில்லை. வாசலுக்கு முன்னால், கூரை போட்ட மேல்படியில், அவள் தினமும் அரிசிமாவில் சின்னதாக ஒரு கோலம் போடுவாள். மறுநாள் காலை பார்த்தால் மேல்படி முழுக்க உப்பு விழுந்திருக்கும். முந்தின நாள் கோலத்தின் மேல் ஒரு கல் கூட விழுந்திருக்காது. சுற்றி வளைத்துப் போட்டிருக்கும். கோலத்தின் மேல் உப்பைக் கொட்டக் கூடாது என்று ஒரு பிரெஞ்சுக்கார அம்மாளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சில டப்பா முறுக்கு போன பிறகுதான் விஷயம் வெளிவந்தது. கை ஜாடையும் பாதி இங்கிலீஷுமாக அம்புஜம் உப்புக்கு நன்றி சொன்னபோது, வீட்டுக்காரி கண்ணை விரித்து, "நானா? நான் போடுவதில்லையே. கீழ் வீட்டு முஸ்யே" என்றாள்.

கீழ் வீட்டு முஸ்யே என்றால் மணிவாசகம்.

அம்புஜம் அதை அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்லாமல் செய்கிறவரைச் சொல்லிக் காட்டுவது அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு இரண்டு டப்பா முறுக்கு சுற்றினாள், அவ்வளவுதான்.

"என்ன மாமி, கிறிஸ்துமஸுக்கு முறுக்கா?" என்றார் மணிவாசகம்.

"ஏசுவும் சாமிதானே. எடுத்துக்கோங்கோ."

அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மணிவாசகம் பாளையங்கோட்டைக்காரர். கிண்டியில் இன்ஜினியரிங் படித்து, மேல்படிப்புக்கு ஒஹாயோ போய், அங்கிருந்து மொன்ட்ரியாலில் பெரிய பொருட்காட்சிக்குக் கட்டடம் எழும்பிய காலத்தில் வேலைக்கு வந்து சேர்ந்தவர். உயரமான மனுஷர், எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கல்யாணம் ஆகவில்லை. ஊரிலிருந்து அம்மா பெண்களின் போட்டோவாக அனுப்பிக்கொண்டே இருந்தாளாம். இவர் அவற்றை உறுதி, சாய்வு, ஊசல் என்று மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஊசலில் இருப்பதைச் சாய்வுக்கு மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். அதற்குள் போட்டோவில் இருந்தவர்களுக்கெல்லாம் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

உறுதி, சாய்வு, ஊசல் என்ற இந்தப் பைத்தியம் அவருக்கு ஒஹாயோவில் பிடித்தது. அறுபதாம் வருஷம், அமெரிக்க ஜனாதிபதி தேர்தல். அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக் கிழவி, "எங்கள் மாநிலம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும்" என்று அடித்துச் சொன்னாளாம். அந்த வருஷம் பார்த்து ஒஹாயோ ஒரு பக்கம் போக, ஜெயித்தது மறுபக்கம். கிழவி டெலிவிஷனை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். மணிவாசகத்துக்குத்தான் தூக்கம் போயிற்று. ஏன் தப்பிற்று என்று யோசிக்க ஆரம்பித்தவர், பிறகு நிறுத்தவே இல்லை.

அறுபத்தெட்டு தேர்தல் சமயத்தில்தான் அம்புஜத்துக்கு இது முதலில் தெரியவந்தது. ஒரு நாள் மாலை படியேறி வந்து கதவைத் தட்டினார்.

"மாமி, கொஞ்சம் குங்குமம் கிடைக்குமா?"

கல்யாணமாகாத மனுஷர் குங்குமம் கேட்கிறாரே என்று அம்புஜம் ஒரு நிமிஷம் ஆடிப்போனாள். "எதுக்கு?"

"யானைக்கு."

பிள்ளையாருக்கு என்றுதான் அவள் புரிந்துகொண்டாள். சிமிழோடு எடுத்துக்கொண்டு, புருஷன் டாக்டர் பாலசந்திரனையும் கூட்டிக்கொண்டு கீழே போய்ப் பார்த்தால், சுவரில் அமெரிக்கா தொங்குகிறது. பெட்ரோல் பங்கில் சும்மா கொடுக்கிற சாலைப் படம்.

"அமெரிக்காவில ரெண்டு கட்சி, மாமி. ஒண்ணுக்கு யானை சின்னம், ஒண்ணுக்குக் கழுதை சின்னம். எந்த மாநிலம் யானை, எது கழுதை, எது ரெண்டுங்கெட்டான்னு நான் முன்கூட்டியே கலர் அடிச்சு வச்சிருவேன். கடையில நல்ல சிவப்பு கிடைக்கல."

அம்புஜம் அந்த நிமிஷமே யானைக் கட்சியில் சேர்ந்துவிட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தக் கட்சி என்ன செய்தது, யார் நின்றார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தும்பிக்கை இருந்தது, போதும்.

யானைக்குக் குங்குமம். ஊசலுக்கு மஞ்சள் பொடி. கழுதைக்கு விபூதியைத் தண்ணீரில் குழைக்கலாமா என்று கேட்டபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"கழுதைக்கு விபூதியா? சைவப் பிள்ளையாப் பொறந்துட்டு கேக்கற கேள்வியா இது?"

"தப்புதான் மாமி" என்று மணிவாசகம் காதைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் வேட்டிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துக் கழுதைக்கு வைத்தார்கள். அந்த வருஷம் மூன்றாவதாக ஒருவர் நின்று தெற்கே சில மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனதில், அவருக்குக் கலரே இல்லாமல் மணிவாசகம் மறுபடி படியேறி வந்து கொஞ்சம் சந்தனம் வாங்கிக்கொண்டு போனார்.

அம்புஜம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மாநிலங்களின் பெயர் அவள் நாக்கில் ஏறவில்லை. ஆனால் உருவம் மனதில் ஏறிவிட்டது. காம்பு நீட்டிக்கொண்டிருந்த ஒன்று தோசைச் சட்டி. கடலுக்குள் தொங்கியது முருங்கைக்காய். ஒன்று கையுறை, ஒன்று கிழிந்த பூட்ஸ். "தோசைச் சட்டி இந்தத் தடவை எப்படி?" என்று அவள் கேட்பாள். "தோசைச் சட்டி உறுதி மாமி. முருங்கைக்காய்தான் ஆடுது" என்று அவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொல்வார்.

ஒரு தடவை அவர் விளக்கினார். "ஒரு மாநிலத்துல ஒருத்தன் ஒரே ஒரு ஓட்டு கூடுதலா வாங்கிட்டாலும் போதும் மாமி. மொத்த மாநிலமும் அவனுக்குத்தான்."

"அப்போ மத்தவாளுக்குப் போட்டவா?"

"அவங்க கணக்குல வரமாட்டாங்க."

"அது நியாயமா?"

"நியாயம்னு யாரு சொன்னா? வழக்கம்."

சரியாகக் கணித்தாரா என்று கேட்டால், மணிவாசகத்தின் மேல் மரியாதை உள்ளவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். எழுபத்திரண்டில் பாதி அமெரிக்காவுக்கு மஞ்சள் அடித்து வைத்திருந்தார். வந்தது பார்த்தால், மாசசூசெட்ஸ் என்ற ஒரே ஒரு மாநிலமும் தலைநகரமும் போக எல்லாமே யானை. அம்புஜத்தின் குங்குமச் சிமிழ் காலியாகிவிட்டது. அவளுக்குக் கொள்ளை சந்தோஷம். மணிவாசகம் மட்டும் படத்தின் முன்னால் நின்று, "நான் போட்டது சரிதான், ஜனங்கதான் மாத்திப் போட்டுட்டாங்க" என்றார்.

அந்தக் காலத்தில் மொன்ட்ரியாலில் கோயில் கிடையாது. நம் ஊர் டாக்டர்கள், புரொபசர்கள், இன்ஜினியர்கள் என்று கொஞ்சம் குடும்பங்கள்; மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பஜனை செய்வார்கள். கணக்குப் புரொபசர் சந்திரமௌலி ஊருக்குப் போனபோது மாமல்லபுரத்தில் சொல்லிச் செய்து, கப்பலில் ஒரு கருங்கல் பிள்ளையாரைக் கொண்டுவந்தார். அப்போது அவர் இருந்த வீட்டில் பிள்ளையாரை வைக்க இடமில்லை. அம்புஜத்தின் முன்னறை கிழக்குப் பார்த்தது. "கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் மாமி" என்று வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் வருஷங்களாயிற்று. டாக்டர் ஆஸ்பத்திரிக்கும் பையன் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் வீட்டில் அம்புஜமும் பிள்ளையாரும்தான். அவளுக்கு பிரெஞ்சு வராது. இங்கிலீஷ் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். தெப்பானேர் என்கிற தெருமுனைக் கடையில் பால் வாங்கும்போது "போன்ஷூர்" சொல்வதோடு அவளுடைய வெளிப்பேச்சு முடிந்துவிடும். மீதிப் பேச்செல்லாம் பிள்ளையாரிடம்தான். துவரம் பருப்பு வேகவில்லை என்பதில் ஆரம்பித்துப் பையனின் கணக்கு மார்க் வரை எல்லாம் அவருக்குத் தெரியும். அவரும் பொறுமையாகக் கேட்டார். இடையில் பேசினால்தானே வம்பு.

எழுபத்தாறில் வம்பு வந்தது. சந்திரமௌலி ஊருக்கு மேற்கே தள்ளி, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பெரிய வீடு வாங்கியிருந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலரும் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். நிலவறை விசாலமாக இருக்கிறது, கார் நிறுத்த இடம் இருக்கிறது, பிள்ளையாரை அங்கே கொண்டுபோகலாம் என்று அவர் ஐப்பசி மாதப் பஜனையில் சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, கொண்டுவந்தவரே அவர்தான். கார்த்திகை மாதப் பஜனையில் எல்லோரும் கைதூக்கி முடிவு செய்யலாம் என்று பேச்சாயிற்று.

அம்புஜத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் ஆஸ்பத்திரி. பனிக்காலத்தில் பஸ் மாறிப் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போவது நடக்கிற காரியமில்லை. பிள்ளையார் போய்விட்டால் போனதுதான். ஆனால் இதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. சாமியை எனக்கு வேண்டும் என்று கேட்கிறதா?

மணிவாசகத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாளே படியேறி வந்தார். அவர் முகத்தில் தேர்தல் களை வந்துவிட்டிருந்தது.

"கவலையே படாதீங்க மாமி. எல்லா வீட்டையும் பிரிச்சுப் பாத்துட்டேன். மேற்கே போன வீடெல்லாம் மாசசூசெட்ஸ். அதுல சந்திரமௌலி சார் வீடு ரொம்ப உறுதி. கோத்-தே-நேஜ் பக்கத்து வீடெல்லாம் நம்ம பக்கம். மொன்ட்ரியால்-நோர்ல வசந்தகுமாரி வீடு இருக்குல்லா, அது ஒஹாயோ. ஊசல். உங்க வீடு கான்சாஸ்."

"அது யானையா, கழுதையா?"

"சுத்த யானை. அசையாது."

"எல்லார்கிட்டயும் கேட்டேளா?"

"வீட்டுக்கு வீடு போன் போட்டுப் பேசிட்டேன். நேரடியாக் கேக்க மாட்டேன், அது தப்பு. குளிர் எப்படி, கார் எப்படின்னு கேப்பேன். பதில்லயே சாய்வு தெரிஞ்சிரும்."

"போனை யாரு எடுத்தா?"

"சார்மாருதான்."

"மாமிகள்கிட்ட?"

மணிவாசகம் சிரித்தார். "வீட்டுக்கு ஒருத்தர் போதும் மாமி. அவர் எந்தப் பக்கமோ அந்த வீடு மொத்தமும் அந்தப் பக்கம். அதான வழக்கம்."

அம்புஜம் தலையை ஆட்டினாள். தனக்குத் தெரிந்தது தோசைச் சட்டியும் முருங்கைக்காயும்தான், அவர் படித்தவர்.

நவம்பர் பிறந்ததும் அமெரிக்காவில் தேர்தல். தெற்கே வர்ஜீனியா ஒன்று போக அநேகமாக எல்லாம் கழுதைப் பக்கம் சாய்ந்தது. குங்குமம் வைத்த ஒஹாயோ நூலிழையில் நழுவிற்று. யானை தோற்றது. மணிவாசகம் கீழே நீலம் கரைத்துக்கொண்டிருந்தபோது அம்புஜம் மேலே பிள்ளையார் முன்னால் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். சகுனம் நன்றாக இல்லையே.

"யானைக்கும் பிள்ளையாருக்கும் முடிச்சுப் போடாதீங்க மாமி" என்றார் மணிவாசகம்.

"நீங்கதானே மொதல்ல குங்குமம் கேட்டு வந்தேள்?"

அவர் விரலில் ஒட்டிய நீலத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதே மாதம் நடுவில் இந்தக் கியூபெக்கிலேயே ஒரு தேர்தல் நடந்து, பிரெஞ்சுக் கட்சி ஆட்சிக்கு வந்தது. இங்கிலீஷ் கம்பெனிகளெல்லாம் மூட்டை கட்டிவிடும் என்று ஊரே பேசிக்கொண்டது. மணிவாசகம் மட்டும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலடியில் நடந்த தேர்தலுக்கு அவர் ஒரு பொட்டுக் கலர் கூட வைக்கவில்லை. அவர் அப்போது ஒஹாயோவை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கார்த்திகை ஞாயிறு வந்தது. காலையிலிருந்து பனி. வந்தவர்களின் பூட்ஸ் கூடத்தில் அடங்காமல், வழக்கம்போலக் குளியல் தொட்டிக்குள் அடுக்கியாயிற்று. பஜனை முடிந்தது, தீபாராதனை ஆயிற்று. அம்புஜம் பொங்கலும், இத்தாலிக்காரர் கடைக் கொண்டைக்கடலையில் சுண்டலும் பண்ணியிருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் முடிவு செய்துவிடலாம் என்றார் சந்திரமௌலி.

"பெரியவா எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கை. ரெண்டு பக்கமும் சமமா வந்தா, பிள்ளையாரைத் தொந்தரவு பண்ண வேண்டாம், இருக்கற இடத்துலயே இருக்கட்டும். சரிதானே?"

ஆளுக்கு ஒரு கை என்றதும் மணிவாசகத்தின் முகம் லேசாக மாறியதை, சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அம்புஜம் பார்த்தாள்.

"டொலார்டுக்குப் போகலாம்னு சொல்றவா?"

கைகள் எழுந்தன. சந்திரமௌலி, அவரோடு மேற்கே போனவர்கள், அது எதிர்பார்த்தது. ஆனால் மணிவாசகம் உறுதி என்று சொன்ன கோத்-தே-நேஜ் சார்மார்களும் ஒருவர் பின் ஒருவராகத் தூக்கினார்கள். பனியில் கார் நிறுத்த இடம் தேடித் தேடி அவர்களுக்கு வெறுத்துப்போயிருந்தது. அப்புறம், ஜன்னலோரத்திலிருந்து, தயங்கித் தயங்கி இன்னொரு கை.

டாக்டர் பாலசந்திரன்.

கான்சாஸ் கவிழ்ந்தது.

"ஏன்னா!" என்றாள் அம்புஜம்.

டாக்டர் அவளைப் பார்க்காமல் பிள்ளையாரைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்ல. மாசாமாசம் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து தொட்டியிலேர்ந்து பூட்ஸை எடுத்து வெச்சுட்டுக் குளிக்க வேண்டியிருக்கு. அதான்."

கூடமே சிரித்தது. மணிவாசகம் சிரிக்கவில்லை. கணப்பு ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இங்கேயே இருக்கட்டும்னு சொல்றவா?"

முதல் கை சந்திரமௌலியின் பக்கத்திலிருந்தே எழுந்தது. அவர் மனைவி கிரிஜா.

"கிரிஜா! இது இங்கேங்கறதுக்கு."

"தெரியும். காது கேக்கறது."

"நம்மாத்துக்கு சாமி வரது உனக்கு வேண்டாமா?"

"சாமி தாராளமா வரட்டும். சாமியோட வரவாளுக்கெல்லாம் நீங்க சமைப்பேளா? இட்லிக்கு அரைச்சுத் தருவேளா?" என்றாள் கிரிஜா. சிரிப்பு அடங்கக் காத்திருந்து, கொஞ்சம் இறங்கின குரலில் சொன்னாள்: "அந்த ஊர்ல ஜன்னலைத் திறந்தா புல்லு, இல்லேன்னா பனி. மாசத்துல இந்த ஒரு நாள்தான் டவுன்ல மனுஷாளைப் பாக்கறேன். அதையும் எடுத்துண்டு போயிடாதீங்கோ."

அதற்கப்புறம் மேற்குப் பக்கத்துப் பெண்கள் வரிசையாகக் கை தூக்கினார்கள். மாசசூசெட்ஸ் முழுக்கப் பாதி பாதியாகக் கிழிந்தது. மொன்ட்ரியால்-நோர் வசந்தகுமாரி புருஷனைப் பார்த்தாள். அவர் கை ஏற்கெனவே மேற்குக்குப் போயிருந்தது. பிறகு சுண்டல் பாத்திரத்தைப் பார்த்தாள். இங்கே தூக்கினாள். அம்புஜமும் தூக்கினாள். கையில் கரண்டி இருந்ததே அவளுக்கு நினைவில்லை, கரண்டியோடு தூக்கினாள்.

சந்திரமௌலி எண்ணினார். மறுபடி எண்ணினார். கணக்குப் புரொபசர் அல்லவா, மூன்றாம் தடவையும் எண்ணினார்.

"மேற்குக்கு ஒரு கை ஜாஸ்தி" என்றார். ஜெயித்த குரலாக இல்லை. மனைவியை ஒரு தடவை பார்த்தார், அம்புஜத்தையும் பார்த்தார்.

அம்புஜத்துக்குக் கண் கலங்கிற்று. பொங்கல் ஆறுகிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பினாள்.

"இருங்கோ மாமி" என்றாள் கிரிஜா. "மணி சார் கை எங்கே? நான் பாக்கவே இல்லையே."

எல்லோரும் கணப்புப் பக்கம் திரும்பினார்கள்.

"நான் பாக்கிறவன்" என்றார் மணிவாசகம். "எடை போடுறவன் தட்டுல விரல் வைக்கக் கூடாது."

"இது என்ன சட்டம்? நீங்களும் இந்தக் கூட்டத்துல ஒருத்தர்தானே?"

"நான் இதுவரைக்கும் எதுக்கும் ஓட்டுப் போட்டதில்ல."

"என்னது!" என்றார் சந்திரமௌலி. "தோசைச் சட்டி எப்படிப் போடும், பூட்ஸ் எப்படிப் போடும்னு பத்து வருஷமா எங்க உயிரை எடுத்தீரே, ஒரு ஓட்டுக்கூடப் போட்டதில்லையா?"

"ஊர்ல வயசு வந்தப்போ லிஸ்ட்ல பேர் இல்ல. அமெரிக்காவில நான் வெளிநாட்டான். இங்க இன்னும் பிரஜை ஆகல." தொடைக்கு அடியில் கைகள் இன்னும் உள்ளே போயின. "அதான் பழகிருச்சு."

யார் யாரோ கேலி செய்தார்கள். ஒருவர், மணி சாருக்கு மஞ்சள் பூசி ஊசலில் போடுங்கள் என்றார். போடுங்கோ என்று கேட்க அம்புஜத்துக்கு வாய் வரவில்லை. ஒரு மனுஷர் இத்தனை நாள் கட்டிக்காத்த கொள்கையைத் தனக்காக விடச் சொல்லலாமா? அவள் பிள்ளையாரைப் பார்த்தாள். பிள்ளையார் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார்.

மணிவாசகம் கரண்டியைப் பார்த்தார்.

வலது கை மெதுவாக வெளியே வந்தது. தோள் வரை வந்து நின்றது. காது வரை போயிற்று. அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தது.

"தலையைச் சொறியறீரா, ஓட்டா?" என்றார் சந்திரமௌலி.

"ஓட்டுதான்" என்று மணிவாசகம் கையை நேராக நீட்டினார். பள்ளிக்கூடத்துப் பையன் போல விறைப்பாக, எண்ணி முடித்த பிறகும் இறக்கத் தெரியாமல் வைத்திருந்தார்.

"சமம்" என்றார் சந்திரமௌலி. அவரே முதலில் எழுந்து பிள்ளையார் முன்னால் தலையில் குட்டிக்கொண்டார். "இவர் நகர மாட்டேங்கறார். மாமி, பொங்கலைக் கொண்டுவாங்கோ."

அன்று சாப்பிடும்போது மணிவாசகத்தை விடாமல் குடைந்தார்கள். உறுதியெல்லாம் ஊசலாயிற்று, ஊசலெல்லாம் உளுத்துப்போயிற்று, ஒரு வீடு கூட அவர் சொன்னபடி விழவில்லை. அவர் சுண்டலை மென்றுகொண்டே, "கான்சாஸ் அறுபத்துநாலுலயும் ஒரு தடவை இப்படித்தான் காலை வாரிச்சு. நான் அதை மாமிகிட்டச் சொல்லியிருக்கணும்" என்றார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டார். அம்புஜம் போட்டாள். நெய் மட்டும் விடவில்லை.

அடுத்த மாதப் பஜனைக்கு வந்தவர்கள் படிக்கட்டுக்குக் கீழே ஒரு அட்டையைப் பார்த்தார்கள். தமிழில், கோணல் எழுத்தில், "பூட்ஸ் இங்கே" என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. மணிவாசகத்தின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடம் முழுக்கப் பழைய செய்தித்தாளும், மாடிப் படிகளில் மேலே வரை சாக்கும் விரித்திருந்தது. அன்று மாலை டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, காலித் தொட்டியில் வெந்நீர் நிரப்பிக்கொண்டு, வெகு நேரம் ஏதோ பாடிக்கொண்டே குளித்தார்.

"கான்சாஸ் திரும்பி வந்தாச்சு" என்றாள் அம்புஜம், கதவுக்கு வெளியே நின்று.

மணிவாசகம் கலர் வைக்காத அந்தக் கியூபெக் தேர்தல்தான் கடைசியில் அவரைத் தேடி வந்தது. அவருடைய கம்பெனி ஒவ்வொரு பிரிவாக ஊரை விட்டுக் கிளம்பி, எழுபத்தொன்பது ஜனவரியில் அவர் பிரிவும் கால்கரிக்குப் போயிற்று. கால்கரி எங்கே இருக்கிறது என்று அம்புஜம் கேட்டாள். "தோசைச் சட்டிக்கு வடமேற்கே, ரொம்ப ரொம்ப மேல" என்றார் அவர். அவர் போன பிறகு அவர்கள் சந்திக்க வாய்க்கவே இல்லை.

கிளம்புகிற காலையில் டாக்ஸி வந்து நின்றது. டாக்டர் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டிருந்தார். அம்புஜம் கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி படியிறங்கி வந்தாள். ஒரு கையில் முறுக்கு டப்பா, ஒரு பொட்டலத்தில் விபூதி. கிறிஸ்துமஸ் எப்போதோ போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. சுருட்டின அமெரிக்காவை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாங்கிக்கொண்டார். படத்திலிருந்து இன்னும் குங்கும வாசனை வந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அம்புஜம். "அன்னிக்குக் கையைத் தூக்கினேளே. அது பிள்ளையாருக்காகவா, எனக்காகவா?"

மணிவாசகம் யோசித்தார். உறுதி, சாய்வு, ஊசல் என்று பிரிக்கிற அதே முகம்.

"சுண்டலுக்காக, மாமி."

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். மணிவாசகம் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தப் போனவர், மறுபடி தலையை வெளியே நீட்டிப் படிக்கட்டைக் காட்டினார்.

"ஏறும்போது பாத்து ஏறுங்க மாமி. அவசரத்துல இன்னைக்கு உப்புப் போடல."